83 குதிரையில் நுவரெலியா வந்து சேர்வது எத்தனை?

"மாமா, ஒரு சாமான் பார்த்தேன். கெப்புக்குப் பூட்டினா பதினஞ்சு எச்பி கூடுமாம். நாப்பதாயிரந்தான் சொல்றாங்க. வாங்கவா?"

போன கிழமை அக்கா மகன் போனில் கேட்டது இது. கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுபவன். வண்டி 1991 மாடல் ஹைலக்ஸ் சிங்கிள் கெப். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்குக் கோபம். ஏன் வேண்டாம் என்பதைப் போனில் சொல்லி முடியாது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். எப்படியும் பேஸ்புக்கில்தான் கிடக்கிறான், படிப்பான்.

அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி விட்டது 2025 பெப்ரவரியில். இடையில் பழைய கெப்புகளின் விலை போன போக்கு எல்லோருக்கும் தெரியும். இப்போது இறக்குமதி திறந்திருந்தும், வரியையும் சேர்த்துப் பார்த்தால் புது கெப் நமக்குக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிற சாமான்தான். ஆக முப்பது வருசத்து வண்டியோடுதான் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. ரம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும்போது பின்னால் வருகிற வேன்காரன் ஹோன் அடித்தால் இன்னும் பத்துக் குதிரை இருந்தால் என்ன என்று யாருக்குத்தான் தோன்றாது?

சரி, கணக்குக்கு வருவோம். அவன் வண்டியில் இருப்பது டொயோட்டாவின் டூ-எல் (2L) டீசல் எஞ்சின். 2446 சிசி, காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ கிடையாது, புதிதில் 83 எச்பி, அதாவது 83 குதிரைச் சக்தி. அந்த 83 கடல் மட்டத்துக் கணக்கு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏறும்போதும் ஏறக்குறைய 3 சதவீத சக்தியை இழக்கும், மேலே போகப் போகக் காற்று மெலிவதால். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் இழந்ததில் சிறிது திரும்பக் கிடைக்கும். கூட்டிக் கழித்தால் மேலே வந்து சேர்வது எழுபது குதிரை. அதுவும் எஞ்சின் புதிதாக இருந்தால்! முப்பத்துச் சொச்சம் வருசம் ஓடிய எஞ்சினில் எத்தனை மிச்சம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கூத்தைச் சொல்கிறேன். எனக்கும் அதே டூ-எல்தான், டபுள் கெப். 2021இல் யாரோ சொன்னதைக் கேட்டு கம்பெனி எயார் கிளீனர் பெட்டியைக் கழற்றி வீட்டு விறகுக் கொட்டிலில் போட்டுவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு கோன் பில்டர் பூட்டினேன். பளபளவென்று பைப் வேறு. சத்தம் பிரமாதம். ஒரு கிழமை ராஜா மாதிரி ஓட்டித் திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஏற்றத்தில் வண்டி முன்னைவிட சோம்பல்.

பழைய கறுப்புப் பெட்டி மட்காட் பக்கமிருந்து வெளிக்காற்றை இழுக்கும். கோன் பில்டரோ பொனட்டுக்குள் வாயைத் திறந்துகொண்டு ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூட்டுக் காற்றைக் குடிக்கும். நுவரெலியாவில் 16 பாகைக் குளிர்காற்று சும்மா கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு 50 பாகைக் காற்றை இழுத்தால் அடர்த்தியில் பத்து சதவீதம் போச்சு. இலவசமாகக் கிடைத்ததைக் காசு கொடுத்துத் தொலைத்தேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பெயர் போட்டால் திட்டுவார், விடுங்கள். அவர் கோன் பில்டரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "பழைய பெட்டி எங்க?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். தேயிலை பெக்டரி வாசலில் மணிக்கணக்காக நிறுத்தி வைத்ததில் படிந்த தேயிலைப் பஞ்சு, பேப்பர் மடிப்புக்குள் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. அடியில் எலி இழுத்து வந்து போட்ட கரட் இலை. பில்டரின் நடு ஓட்டைக்குள் டோர்ச்சை விட்டு அடித்தார். வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை.

"இதப் பார்க்காமயா தம்பி அத வாங்கினீங்க?"

புதுப் பேப்பர் பில்டர், பழைய பெட்டி, அவ்வளவுதான். அதே மூச்சில், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நோசில் நாலையும் கழற்றி டீசல் பம்ப் கடைக்கு அனுப்பினார். நானும் கூடப் போய்ப் பார்த்தேன். டெஸ்டரில் பூட்டி அழுத்தினால் டீசல் பனி மாதிரிப் பரவ வேண்டும். மூன்று அப்படிப் பரவியது. நாலாவது, பிள்ளைகள் தண்ணீர்த் துப்பாக்கி அடிக்கிற மாதிரி நேராகப் பீச்சி, நுனியில் ஒரு சொட்டுத் தொங்கியது. அந்த சிலிண்டரில் டீசல் பாதி வெந்து பாதி வேகாமல் புகையாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நோசில் மாற்றி, பம்ப் டைமிங் பார்த்து, கல்லில் அடிபட்டு நசுங்கிக் கிடந்த சைலன்சர் பைப்பை வெட்டிப் புதிதாக ஒட்டியதும் வண்டி வேறு வண்டி. எச்பி அளக்க என்னிடம் மிஷின் இல்லை. இரண்டாம் கியரில் ஏறிய ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கியது.

டயர் கதையும் உண்டு. எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் ஸ்டைலுக்கு 31 இஞ்சி டயர் போட்டிருந்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். பழைய 205ஆர்16 டயரோடு ஒப்பிட்டால் அது ஆறேழு சதவீதம் பெரிய வட்டம். எல்லா கியரும் அதே ஆறேழு சதவீதம் பாரமாகிவிட்ட மாதிரி. ஸ்பீடோ மீட்டரும் பொய் சொல்லும். சின்ன டயருக்குத் திரும்பினேன். குதிரை ஒன்றுகூட ஏறவில்லை, ஆனால் இருக்கிற குதிரைகளுக்கு வண்டி இழுபட்டது. நான் செய்ததில் மிக லாபமான வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மற்றச் சாமான்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். டீசல் பைப்பில் கட்டுகிற காந்தம்: பிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். அகலமான சைலன்சர்: டர்போ இல்லாத டீசலில் மேல் வேகத்தில் ஒன்றிரண்டு எச்பி கிடைக்கலாம், ஏற்றத்தில் நமக்கு வேண்டிய நிமிசத்துக்கு 2000 சுற்றில் கிடைப்பது சத்தம் மட்டும். எஞ்சின் பேனைக் கழற்றி கரண்ட் பேன் போடுவது கீழ்நாட்டில் சரிவரலாம். லோடோடு முதலாம் கியரில் ஊர்ந்து ஏறுகிற நமக்கு அந்தப் பெரிய பேனின் காற்றுத்தான் உயிர். அக்கா மகன் பார்த்த சாமானைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி. இந்த மாதிரி டியூனிங் பெட்டிகளில் நல்லது, கம்பியூட்டர் டீசலை அளந்து விடுகிற காமன் ரெயில் எஞ்சின் உள்ள புது கெப்புகளில் உண்மையாகவே வேலை செய்யும், ஏனென்றால் அங்கே ஏமாற்றுவதற்கு ஒரு கம்பியூட்டர் இருக்கிறது. டூ-எல்லில் இருப்பது இரும்பு பம்ப். எங்கே பூட்டுவான், சிகரட் லைட்டர் ஓட்டையிலா?

காசே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூ, அரைச் சுற்றுத் திருகினால் டீசல் கூடும், இழுவை கூடும். உண்மைதான், கூடும். ஆனால் நம் மலையில் ஏற்கெனவே காற்றுத்தான் பற்றாக்குறை. காற்று இல்லாத இடத்தில் இன்னும் டீசலை ஊற்றினால் கறுப்புப் புகையும் சூடும்தான். எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன் அப்படித் திருகிய த்ரீ-எல் (டூ-எல்லுக்குப் பெரிய அண்ணன்) கெப்பில் உரம் ஏற்றிக்கொண்டு புசல்லாவைக்கு மேலே வந்தான். டெம்பரேச்சர் முள் ஏறுவதைப் பார்த்தும், இன்னும் இரண்டு வளைவுதானே என்று விட்டிருக்கிறான். எஞ்சின் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) வெடித்தது, வால்வுக்கு வால்வு கோடு போட்ட மாதிரி. ஒரு சீசன் லீக்ஸ் காசு அதற்குள் போனது. ஹெட் மாற்றியும் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு வைக்காமல் விட்டதால் புகைப் பரிசோதனையில் பெயில். அது இல்லாமல் வருச லைசன்ஸ் இல்லை.

டர்போ? நேர்மையாகச் சொன்னால் மலைக்குச் சரியான மருந்து அதுதான். மெலிந்த காற்றை அழுத்தித் திணிப்பதற்கென்றே செய்த சாமான். ஆனால் டூ-எல் ஏற்கெனவே காற்றை 22 மடங்கு நசுக்குகிற எஞ்சின், அதன் டர்போ ரகத்துக்கே ஹெட் வெடிப்பில் கெட்ட பெயர். டர்போவோடு எண்ணெய்ப் பைப், மேனிபோல்ட், சைலன்சர், நல்ல ரேடியேட்டர், எக்ஸோஸ்ட் சூடு பார்க்க ஒரு மீட்டர் எல்லாம் சேர்த்தால் அது மலிவு வேலை இல்லை. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் டொயோட்டாவின் கேசெட் (1KZ) எஞ்சினையே இறக்கிப் போட்டவர்களும் உண்டு. 2982 சிசி, டர்போ, இழுவைக்குக் குறை சொல்ல முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் நம்பரை மாற்றாமல் ஓட்டினால் மட்டும் ஒருநாள் செக்கிங்கிலோ இன்சூரன்ஸ் கேட்கும்போதோ மாட்டுவீர்கள்.

இவ்வளவும் ஏற்றத்துக் கதை. அக்கா மகன் தொழிலை யோசித்துப் பாருங்கள். அவன் லோட் ஏறுவதில்லை, இறங்குகிறது. கரட்டும் கோவாவும் மேலேயிருந்து கீழே போகின்றன. மேலே வரும்போது பாதி நாள் வெறும் பெட்டிதான். ஆயிரம் கிலோவோடு அவன் இறங்கும்போது ஒரு குதிரைகூடத் தேவையில்லை, பிரேக்தான் தேவை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த எண்ணெய் நீள இறக்கத்தில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரிப் போய்விடும். இரண்டு வருசத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். "வாங்கின நாளிலருந்து இல்ல மாமா."

இன்னொன்றும் எனக்குத் தெரியும், அவன் மறைக்கிறான். 2022 ஜூனில் டீசல் 460 ரூபா ஆன நேரத்தில் பழகிய பழக்கம், இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எஞ்சினையும் நிறுத்திவிடுவது. அந்த எஞ்சினில், பிரேக் மிதியை இலேசாக்குகிற பூஸ்டருக்கு வெக்கூம் தருகிற பம்ப் டைனமோவின் பின்னால்தான் இருக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லு. நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் ஓட்டோவும் மோதி ஏழு பேர் போனார்கள். அதே வீதியால்தான் இவனும் சில நாள் இறங்குகிறான்.

அதனால் மருமகனே, அந்த நாற்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் தலவாக்கலைக்கு வா, நானும் வருகிறேன். முதலில் பிரேக் எண்ணெயும் பின் ட்ரம் இரண்டும், அப்புறம் ரேடியேட்டர், மிச்சம் இருந்தால் நோசில். எயார் பில்டருக்கு டோர்ச் நான் கொண்டுவருகிறேன்.

மற்றவர்களுக்கு: 31 இஞ்சி டயர் நாலு, ரிம்மோடு, பாதி தேய்ந்தது, விற்பனைக்கு இருக்கிறது. சிவப்பு கோன் பில்டர் ஒன்றும் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம்.