நண்டு உண்பதற்கும் 'கான்சர்' என்ற பெயருக்கும் தொடர்பில்லை

"நண்டு சாப்பிடுவோருக்கு வரும் நோய் என்பதால்தான் கான்சருக்கு இலத்தீனில் நண்டின் பெயரை வைத்தார்கள்" என்று எழுதிய ஒருவர் பாதியைச் சரியாகச் சொல்லி, மீதியில் வழுவிவிட்டார். அச்சொல்லுக்கு இலத்தீனில் நண்டு என்பதே பொருள்; கடக ராசியை ஆங்கிலத்தில் அதே பெயரால் அழைப்பதும் அதனால்தான். ஆனால் பெயருக்குக் காரணம் உணவன்று, தோற்றம். இலத்தீனுக்கு முன்பே, ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள் இவ்வகைக் கட்டிகளை நண்டு எனப் பொருள்படும் 'கர்கினோஸ்' என்ற சொல்லால் குறித்தன. புற்றுநோயில் ஒரு வகையைக் குறிக்கும் 'கார்சினோமா' என்ற இன்றைய சொல்லில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர், மார்பகக் கட்டியைச் சுற்றிப் புடைத்த நாளங்கள் உடலின் இருபுறமும் விரிந்த நண்டுக் கால்களைப் போலிருப்பதாக விளக்கினார். திருகோணமலை மீன் சந்தையில் மல்லாத்திப் போட்ட நண்டொன்றைப் பார்த்தவருக்கு, நடுவில் தடித்த ஓடும் பக்கங்களில் பரந்த கால்களுமாக அந்த உவமை உடனே விளங்கும். நாம் 'புற்று' என்பதும் உருவத்தை வைத்துத்தானே. அதற்காகக் கறையானை யாரும் குற்றஞ்சாட்டுவதில்லை. ஆகவே, சொல்லின் வேரைக் காட்டி நண்டுக் கறியை விலக்கச் சொல்வதற்கு இங்கே ஆதாரம் ஏதுமில்லை.