நாலு கூட்டம், ரெண்டு பேனா

2020 ஜனவரியில் வார்டு மெம்பராகப் பதவி ஏற்றேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. இந்த ஐந்து வருடத்தில் நீ வெட்கப்படுகிற காரியம் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ஒரு நோட்டைச் சொல்வேன்.

பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. 'கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு – தீர்மானப் பதிவேடு' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் எங்கள் ஊராட்சி கிளர்க் தம்பி அதை எடுத்துக்கொண்டு என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் வீதம் நாலு கூட்டத்தின் தீர்மானங்கள் வரிசையாக எழுதியிருந்தன. நாலுக்கும் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"கூட்டமே நடக்கலையே தம்பி?"

"ஆடிட்டு வருதுக்கா. எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்கதான் பாக்கி."

சட்டைப் பையிலிருந்து ரெண்டு பேனா எடுத்துக் கொடுத்தார். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. "மாத்தி மாத்திப் போடுங்கக்கா. ஒரே பேனான்னா பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்."

போட்டேன். நீலம், கறுப்பு, நீலம், கறுப்பு. போட்டுவிட்டுத்தான் தீர்மானத்தைப் படித்தேன். 'நமது ஊராட்சியில் குழந்தைத் தொழிலாளர் எவரும் இல்லை, குழந்தைத் திருமணம் ஏதும் நடைபெறவில்லை, பள்ளி இடைநின்ற மாணவர் எவரும் இல்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இல்லை என்பதைக்கூட ஏகமனதாகத் தீர்மானித்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் என் வார்டில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கூடம் போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருவார்கள். ராத்திரி வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு, நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ரொம்பக் காலமாக நடக்கிற நல்ல ஏற்பாடுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆட்டுக்குப் பின்னால் கம்போடு நடக்கிற பையன் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் கேள்வி. இந்தப் பையனின் அப்பா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கடனும் கருமாதிக் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தபோது, முன்பணம் வாங்கிக்கொண்டு அம்மா அவனை அனுப்பிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கடன்காரன் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு நோட்டும் அவளுக்கு உதவிக்கு வரவில்லை.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், விஷயம் ஊருக்கே தெரியும். பால்வாடி ஆயாவுக்குத் தெரியும். பையனின் தங்கச்சி அங்கேதான் சத்துமாவு உருண்டை தின்றுகொண்டே, "அண்ணன் ஆடு மேய்க்கப் போயிருக்கு" என்று சொல்லியிருக்கிறது. டீக்கடையில் தெரியும். மினி பஸ் கண்டக்டர் ரெண்டு ஊர் தள்ளி அவனை வரப்பில் பார்த்துக் கையாட்டியிருக்கிறார். இவர்களில் ஒருவர்கூடக் குழுவில் கிடையாது. குழுவில் இருந்தது யார்? தலைவர், மெம்பர், தலைமை ஆசிரியர், நர்ஸம்மா, அங்கன்வாடி டீச்சர், ஊர்ப் பெரியவர் ஒருத்தர். குழந்தைகள் ரெண்டு பேர் இருக்க வேண்டும் என்று விதி. எங்கள் நோட்டில் இருந்த அந்த ரெண்டு பெயரில் ஒன்று பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போன பெண்ணுடையது.

கடைசியில் ஆயாதான் என்னிடம் வந்து சொன்னார். என் கடையிலிருந்தே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டோம். அதிகாரிகள் வந்தார்கள், பையன் வந்தான், கோட்டாட்சியரிடமிருந்து விடுதலைச் சான்றும் வந்தது. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடன் அத்தோடு ரத்து. இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது, நடத்தியவர்களுக்கு நன்றி.

அதற்கு அப்புறம்தான் கதையே. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல். அதற்காக ஒருமுறை திரும்பி வந்தாள். வருமானச் சான்றிதழ் தேதி கடந்துவிட்டது என்று இன்னொருமுறை. அப்பாவின் இறப்புச் சான்றில் எழுத்துப் பிழை என்று மூன்றாம் முறை. ஒவ்வொரு தடவையும் மஞ்சள் பையில் அதே தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவாள். ஜெராக்ஸ் காசை முதல் ரெண்டு தடவை வாங்கினேன், மூன்றாம் தடவை வாங்க முடியவில்லை. நடவு நேரம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று.

அந்த மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்க ஊரில் யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் நோட்டில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடையாது. அப்போதுதான் புரிந்தது, நாங்கள் கண்காணிப்பு என்ற சொல்லையே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று. குடும்பங்களைக் கண்காணிப்பதுதான் குழுவின் வேலை என்று நினைத்துவிட்டோம். அங்கன்வாடி இன்றைக்குத் திறந்ததா, உதவித்தொகை வந்ததா, 1098-க்குச் சொன்னது என்ன ஆயிற்று, மீட்டுக் கொண்டுவந்த பிள்ளை மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறதா – இதைக் கேட்பதுதான் குழுவின் முதல் வேலை என்று நான் இப்போது நினைக்கிறேன்.

உண்மையிலேயே நடந்த கூட்டம் ஒன்றே ஒன்று. அதில் என்ன பேசினோம் தெரியுமா? கூட்டத்தில் பாதி நேரம், வயசுக்கு வந்த பெண்கள் போனில் பேசுவதைப் பற்றி. எந்தத் தெருப் பெண் எந்த பஸ் ஸ்டாப்பில் யாரோடு நின்றாள் என்பது பற்றி. பெரியவர் ஒருத்தர், "குழந்தைப் பாதுகாப்புன்னா இதுதானேம்மா" என்றார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன சாதிக் கணக்கு இருந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். ஊரைக் கூட்டாளியாக்குங்கள் என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் என்பது ஒன்றில்லை. குடியானத் தெரு இருக்கிறது, காலனி இருக்கிறது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் யார் உள்ளே உட்காருவார், யார் வாசல்படியில் நிற்பார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அதனால் ஒரு கோடு போட்டே ஆக வேண்டும். ஊர் கேள்வி கேட்கலாம், ஊர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதினெட்டு ஆக இன்னும் மூணு மாசம்தானே, பத்திரிகை அடிச்சாச்சு, பேசி முடிச்சுக்கலாம் என்று கல்யாணத்தில் பேசுவார்கள். இதைவிட மோசமான விஷயத்திலும் 'வெளியில தெரிஞ்சா பொண்ணு வாழ்க்கை போயிடும்' என்று பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பிள்ளைகள் மேல் நடக்கிற பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் வந்தது 2012-இல். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம். குழு என்று ஒன்று இருந்துவிட்டால் அதுவே பஞ்சாயத்துப் பேசும் இடமாக மாறிவிடும் ஆபத்து நிஜமானது. பிள்ளையின் பெயர் நோட்டில் ஏறக் கூடாது, குழு விசாரிக்கக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சேதியைச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. மறுநாளிலிருந்து, சேர்த்த சேதிக்கு என்ன பதில் என்று துரத்த வேண்டும்.

ஊர்க்காரர்களுக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்து, வாணவேடிக்கைக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று மைக்கில் வாசிக்காமல் விடுவார்களா? கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ராத்திரியோடு ராத்திரியாக மடையில் போய் நிற்கிற ஊர் இது. தலைக்கட்டு வரி கொடுத்தவனுக்குக் கேட்கிற உரிமை தானாக வருகிறது. பிள்ளைகள் விஷயத்தில் அந்த உரிமையை யாரும் எங்களுக்குக் கொடுக்கவும் இல்லை, நாங்கள் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். ஒரே கட்டடத்தில் எத்தனை வகுப்புகள், மேலே கீற்றுக் கூரை, சமையல் கூடத்தில் அடுப்பு. எதுவுமே மூடி மறைத்து வைத்திருந்ததல்ல. தினமும் அந்தத் தெருவில் நடந்தவர்கள் பார்த்ததுதான், தினமும் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவர்கள் பார்த்ததுதான். நான் அப்போது பக்கத்து ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ கீற்றுக் கொட்டகைப் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே போய், 'இந்தக் கூரையை எப்போது மாற்றுவீர்கள்' என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்கிற இடத்தில் ஒரு பெற்றோரும் இல்லை.

பின்னால் 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று விதித்தது. அதிலும் குறை உண்டு, ஆனால் எங்கள் பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு நடவாள் அம்மா எழுந்து நின்று கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலும் அதே கணக்கைக் கொண்டுவந்தால் என்ன? பதவியால் வருகிறவர்கள் கால்வாசி, தெருவிலிருந்து வருகிறவர்கள் முக்கால்வாசி. அதில் காலனிப் பெண்களுக்குக் கட்டாயம் இடம். ஆயா, மகளிர் குழு ஊக்குநர், அந்த மினி பஸ் கண்டக்டரையும் சேர்க்கலாம் என்பேன், சிரிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் தலைவர் நாற்காலியில் கட்டிவைத்ததில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில்தான் எங்கள் பக்கம் தேர்தல் நடந்தது. நடுவில் மூன்று வருடம் தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர். கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16. வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை தென்னை சாய்ந்து, வீட்டுக் கூரை பறந்து, கையில் காசில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அங்கும் இங்கும் அனுப்பத் தொடங்கிய நேரத்தில், குழுவுக்குத் தலைமை தாங்க ஒரு தலைவர்கூடப் பதவியில் இல்லை. ஒரு ஒன்றிய அதிகாரி எத்தனை ஊரின் எத்தனை வீட்டைப் பார்ப்பார்? 2025 ஜனவரியிலிருந்து மறுபடியும் அதே தனி அலுவலர் ஆட்சியைப் பார்த்தோம். தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடுகிற குழுவாக இருந்தால்தான் அது குழு.

கூட்ட நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சின்ன விஷயம்போல இருக்கும். எங்கள் நோட்டில் எல்லாக் கூட்டமும் காலை 11 மணி. அந்த நேரத்தில் எந்த அம்மா ஊரில் இருப்பாள்? நடவு, களை, இல்லையென்றால் நூறு நாள் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தால் பெண்கள் வருவார்கள், டவுனிலிருந்து வருகிற ஆசிரியரும் நர்ஸம்மாவும் பஸ்ஸைப் பிடிக்க அஞ்சு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை, அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டு மணிக்கு. யாருக்கு வசதியான நேரத்தில் கூட்டம் வைக்கிறோமோ, அவர்களுடைய குழுவாகத்தான் அது இருக்கும். நான் ஆறு மணி என்பேன், இடம் பால்வாடி. ஆசிரியர் மாதத்தில் ஒருநாள் போனில் பேசட்டும்.

அதோடு, வந்த சேதி எத்தனை, பதில் வந்தது எத்தனை, எத்தனை நாளாக நிலுவை என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மே தினத்துக்கும் அக்டோபர் 2-க்கும் பந்தல் போட்டு உட்காருகிறோம், தெருவிளக்குக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுகிறோம். அதில் பத்து நிமிடம் போதும்.

அந்தப் பையன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். உதவித்தொகை கடைசியில் வந்தது. அலைந்த மாதங்களுக்குச் சேர்த்து வரவில்லை.

போன வாரம் கிளர்க் தம்பி மறுபடியும் கடைக்கு வந்தார். கையில் பச்சை நோட்டு, பையில் ரெண்டு பேனா.

"நான்தான் இப்ப மெம்பர் இல்லையே தம்பி" என்றேன்.

"பழைய தேதிதான்க்கா" என்றார்.