தோல் உறை கத்தியைத் துருவிலிருந்து காக்குமா?

“வேட்டைக் கத்தியைத் தோல் உறையிலேயே போட்டு வையுங்கள், துருவே பிடிக்காது” என்றொரு குறிப்பு சுற்றி வருகிறது. தவறு. தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதில் மிச்சமிருக்கலாம். மாதக்கணக்கில் உள்ளே கிடந்த கத்தியை உருவிப் பாருங்கள்: அலகில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள், பிடியை ஒட்டிய பித்தளையில் பச்சைக் களிம்பு.

அமெரிக்காவின் பக் 119 மாதிரி வேட்டைக் கத்தி எல்லாம் ஸ்டெயின்லெஸ்தானே என்பார்கள். சரி, பக் 119-இன் 420எச்சி வகை எஃகில் சுமார் 13% குரோமியம் உண்டு. அதனால் துரு தாமதமாகும், அவ்வளவுதான். 1095 போன்ற கார்பன் எஃகுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

உறை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகத்தான். வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, மினரல் ஆயில் லேசாகத் தடவி, தனியாக வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில்.