தெருவில் குடியிருந்த டிராம்

வருஷா வருஷம் மே மாதம் பிறந்தால் யாராவது ஒருவர் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பகிர்ந்துவிடுவார். அகலமான மவுண்ட் ரோடு, நடுவில் ஒரு டிராம், ஓரத்தில் மாட்டுவண்டி, தலைப்பாகை கட்டிய இரண்டு பேர். 1895 மே 7 அன்று மதராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். படத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே பெருமூச்சு: "எப்படி இருந்த ஊர், 1953-ல் பிடுங்கிப் போட்டுட்டாங்களே."

நானும் அந்தப் பெருமூச்சை விட்டவன்தான். பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டும் பழக்கம் வந்த பிறகு அது நின்றுவிட்டது. டிராமை யார் கொன்றது என்று பஸ்ஸையும் அரசியலையும் கைகாட்டுகிறோம். என்னைக் கேட்டால், அது பிறந்தபோது எழுதிய சட்டத்திலேயே அதன் ஆயுளையும் எழுதிவிட்டார்கள். அது ஒரு வாடகை ஒப்பந்தம். தெரு வீடு, நகராட்சி வீட்டுக்காரர், டிராம் கம்பெனி குடித்தனக்காரர். அந்த வீட்டில் பயணிக்குத் திண்ணைகூட ஒதுக்கவில்லை.

இந்தியா முழுமைக்குமான டிராம்வே சட்டம் 1886-ல் வந்தது. அதற்கு முன்பே பம்பாய்க்கு 1874-லும் கல்கத்தாவுக்கு 1880-லும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 1886 சட்டத்தின் அச்சு பிரிட்டனின் 1870 டிராம்வே சட்டம். அங்கே ஊருக்கு ஊர் தனி மசோதா போட்டு நாடாளுமன்றம் அலுத்துப்போய், சரி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று எழுதிவிடுவோம் என்று எழுதினார்கள். அந்தத் துணியைத்தான் நமக்கும் கொஞ்சம் வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. கம்பெனிக்குத் தெருவில் உபயோக உரிமை மட்டுமே, அதற்கு மேல் எதுவும் கிடையாது. தண்டவாளம் கம்பெனியுடையது, அது பதிந்திருக்கும் மண்ணில் ஒரு அங்குலம்கூட அவர்களுடையது அல்ல. ரயில் கம்பெனி நிலத்தைக் கையகப்படுத்தி, வேலி போட்டு, "உள்ளே வராதே" என்று பலகை மாட்டலாம். டிராம் அப்படிச் செய்ய முடியாது. அது எல்லாரோடும் ஒரே தெருவில் உருள வேண்டும்.

தண்டவாளத்தின் மேலே கம்பெனிக்கு இருந்த தனியுரிமை எது தெரியுமா? விளிம்புச் சக்கரம். டிராம் சக்கரத்தின் உள்பக்கம் ஓர் உதடு போலத் துருத்திக்கொண்டிருக்குமே, தண்டவாளத்தின் பள்ளத்தில் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொள்ளும் அது. அந்த உதடு உள்ள சக்கரத்தை வேறு யாரும் அந்தத் தண்டவாளத்தில் ஓட்டக்கூடாது, ஓட்டினால் அபராதம். உதடு இல்லாத சக்கரம் என்றால் யார் வேண்டுமானாலும் போகலாம். இரும்புப் பட்டை போட்ட மாட்டுவண்டி, ஜட்கா, கைவண்டி எல்லாம். கல்லும் குழியுமான தெருவில் வழவழப்பாக ஓர் இரும்புப் பாதை கிடந்தால் வண்டிக்காரர் எதில் ஓட்டுவார்? பின்னால் டிராம்காரர் மணியை அடித்துக்கொண்டே வருவார், முன்னால் மாடு தன் நடையில் போகும். சட்டம் மாட்டின் பக்கம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இது மிக நியாயமான கொள்கை. தெரு பொதுச்சொத்து, வேகமாகப் போகிறவன் என்பதால் உனக்கு எழுதித்தர முடியாது என்கிறது. இன்றைக்கு மேம்பாலத்தில் சைக்கிளுக்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சட்டத்திடம் பாடம் படிக்கலாம்.

சாலைப் பராமரிப்புக்கு வருவோம். பிரிட்டிஷ் சட்டப்படி தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள பகுதியையும், வெளியே இரண்டு பக்கமும் 18 அங்குலம், அதாவது ஒன்றரை அடி அகலத்தையும் கம்பெனிதான் செப்பனிட்டு வைத்திருக்க வேண்டும். குதிரை டிராம் காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. நாள் முழுவதும் ஒரே தடத்தில் லாடம் அடித்த குளம்புகள் மிதித்தால் தெரு என்ன ஆகும்? பம்பாய் டிராமுக்கு மட்டும் 900 குதிரைகள் இருந்ததாகச் சொல்வார்கள். கெடுத்தவன் சரிசெய் என்பது நியாயம்தான்.

அப்புறம் மின்சாரம் வந்தது. குதிரை போய்விட்டது, தெருவை உடைக்கக் குளம்பு இல்லை. ஆனால் அந்த ஒன்றரை அடிக் கடமை அப்படியே நின்றது. பிறகு மோட்டார் பஸ் வந்தது. அதற்குத் தண்டவாளம் போடும் செலவில்லை, இருபத்தோரு வருஷக் கெடு இல்லை. டிராம் கம்பெனி காசு போட்டுச் செப்பனிட்ட பகுதியிலேயே ஓடி, அடுத்த நிறுத்தத்தில் டிராமுக்கு முன்னால் போய் நின்று ஆளை ஏற்றிக்கொள்ளும். டிராம் பஸ்ஸிடம் தோற்றது என்கிறோம். எதிராளி ஓடுவதற்கான ஆடுகளத்தையும் அதன் தலையிலேயே கட்டிவிட்டு நடத்திய பந்தயம் அது.

இருபத்தோரு வருஷக் கெடு என்றேனே, என் வழக்கின் முக்கிய சாட்சி அதுதான். பிரிட்டிஷ் சட்டத்தின் 43-ம் பிரிவுப்படி, 21 வருஷம் முடிந்ததும் உள்ளாட்சி அமைப்பு விரும்பினால் டிராமைக் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். விலை? அன்றைய தேதியில் அந்தப் பொருட்களின் மதிப்பு மட்டும். 1894-ல் எடின்பரோ, லண்டன் டிராம் வழக்குகளில், அன்றைக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை அறுதியிட்டுச் சொல்லிவிட்டது: இன்றைக்குப் புதிதாகப் போட்டால் ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழித்து மிச்சத்தைக் கொடு, வருங்கால லாபத்துக்குக் காசு கிடையாது. உங்கள் காலி மனையில் ஒருவர் கொட்டகை போட்டு டீக்கடை நடத்துகிறார் என்று வையுங்கள். கூட்டம் அள்ளுகிறது. கெடு முடிந்ததும் நீங்கள் போய், "தகரத்துக்கும் மூங்கிலுக்கும் என்ன விலையோ அதை வாங்கிக்கொண்டு கிளம்பு, கூட்டம் இனி என்னுடையது" என்கிறீர்கள். அதுதான் இது.

(இங்கே ஒரு கிளைக்கதை. வழக்கறிஞர் நண்பர்கள் ரசிப்பார்கள். லண்டன் டிராம் கம்பெனி ஒன்று, அதோடு நிற்காமல், 1898-ல் அதே சபைக்குப் போய், "அந்த 1894 தீர்ப்பு தப்பு, மாற்றுங்கள்" என்றது. "நாங்கள் ஒருமுறை சொன்னால் அது எங்களையே கட்டுப்படுத்தும்" என்று பிரபுக்கள் சபை கையை விரித்துவிட்டது. அந்த விதி 1966 வரை நின்றது. பிரிட்டிஷ் உச்ச அமைப்பு தன் தவறைத் தானே திருத்த முடியாமல் அறுபத்தெட்டு வருஷம் கட்டுண்டு கிடந்ததற்குக் காரணம், பழைய தண்டவாளத்துக்கு என்ன விலை என்ற சண்டை.)

இந்தக் கெடு என்ன செய்யும் என்பது வாடகை வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரியும். காலி செய்யப் போகிற வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? பம்பாயைப் பாருங்கள். 1874 மே 9 முதல் குதிரை டிராம். 1899-ல் கம்பெனி மின்சாரத்துக்கு மாற அனுமதி கேட்கிறது. நகராட்சிக்கோ நாமே வாங்கிவிடலாமே என்று ஆசை. இழுபறி, சட்டச் சிக்கல், பேச்சுவார்த்தை. கடைசியில் 1905-ல் புதிய ஒப்பந்தம் ஆகி, வேறு கம்பெனி கைக்குப் போய், மின்சார டிராம் ஓடியபோது 1907 மே 7. தேதி அதே மே 7 தான், ஆனால் மதராஸுக்குச் சரியாகப் பன்னிரண்டு வருஷம் பின்னால். நாட்டின் பணக்கார நகரங்களில் ஒன்றில், தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், குதிரைகள் கூடுதலாக இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டிருந்தன.

அந்தப் புதிய ஒப்பந்தப்படி பம்பாய் நகராட்சி டிராமையும் மின்சாரத்தையும் கையில் எடுத்தது 1947 ஆகஸ்ட் 7 அன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், 42 வருஷம். இரண்டு இருபத்தொன்று. சுதந்திரத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, தேசமே கொந்தளித்துக்கொண்டிருக்கையில், டிராம் குத்தகை தன் தேதிக்குத் தவறாமல் முடிந்திருக்கிறது. ஆனால் கைக்கு வந்தபோது அது கிழடு தட்டிய டிராம். 1964 மார்ச் 31-ல் அதன் கதையும் முடிந்தது.

இத்தனை சண்டையிலும் பயணி எங்கே?

1886 சட்டத்தின் நடைமுறை இப்படி: கம்பெனி விண்ணப்பிக்கும். உள்ளாட்சியும் சாலைக்குப் பொறுப்பான அமைப்பும் சம்மதிக்க வேண்டும். மாகாண அரசு வரைவு ஆணையைக் கெஜட்டில் போட்டு, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அறிவிக்கும். படிக்க ரொம்ப ஜனநாயகமாக இருக்கிறது. கெஜட் யார் வீட்டுக்கு வந்தது? நகராட்சிக்கு ஓட்டுப்போட்டவர்கள் யார்? சொத்துவரி கட்டிய சிறு கூட்டம். டிராமில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போன ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கல்கத்தா டிராம் கம்பெனி பதிவானதே லண்டனில், 1880 டிசம்பரில். பங்குதாரர் அங்கே, நகராட்சி இங்கே, நடுவில் அரசு. பேரம் இந்த மூவருக்குள் முடிந்துவிடும்.

கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்க ஏற்பாடு இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதுவும் மேலே இருப்பவர்கள் பேசி முடித்த எண். சட்டப் புத்தகத்தில் பயணி சொந்தக் காலில் வந்து நிற்பது பெரும்பாலும் தண்டனைப் பகுதியில்தான். காசு கொடுக்காமல் ஏமாற்றினால் அபராதம், ஆபத்தான சரக்கு ஏற்றினால் அபராதம். பம்பாயில் ஆரம்ப நாட்களில் கட்டணம் மூன்று அணா, டிக்கெட்டே கிடையாது. அப்புறம் கூட்டம் கூடியதும் இரண்டணாவாகக் குறைத்தார்கள். ஓசிப் பயணம் பெருகியதும் டிக்கெட் வந்தது. டிக்கெட் என்ற அந்தத் துண்டுக் காகிதம் பயணியின் உரிமைக்காக வரவில்லை, அவர் மேலிருந்த சந்தேகத்துக்காக வந்தது.

"எல்லாம் சரிப்பா, செத்துப்போன சட்டத்தை இப்போது எதற்குத் தோண்டுகிறாய்?" என்று கேட்பீர்கள். செத்துப்போனதா? நம் அரசமைப்புச் சட்டத்தைத் திறந்து 366-ம் பிரிவில் 20-ம் உட்பிரிவைப் பாருங்கள். நகராட்சி எல்லைக்குள்ளேயே முழுவதும் ஓடும் டிராம்வே 'ரயில்வே' ஆகாது என்று எழுதியிருக்கிறது. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் பாருங்கள், நகராட்சி டிராம்வே இருக்கும், டிராம் வண்டி மீதான வரியும் இருக்கும். 1935 இந்திய அரசுச் சட்டத்திலேயே நகராட்சி டிராம்வே மாகாணங்களின் கையில்தான் இருந்தது. ரயில் என்றால் டெல்லி, டிராம் என்றால் மாகாணம். தண்டவாளம் ஒன்றுதான், பெயரில்தான் அதிகாரம். டார்ஜிலிங் மலை ரயிலே 'டார்ஜிலிங் ஸ்டீம் டிராம்வே கம்பெனி' என்ற பெயரில்தான் தொடங்கியது, வண்டிப்பாதை ஓரமாகவே தண்டவாளம் போட்டு ஏறியதால். 1881-ல்தான் ரயில்வே என்று பெயர் மாறியது.

அந்தப் பெயரின் அதிகாரம் தெரிந்தவர்கள் நம் காலத்திலும் இருந்தார்கள். ஹைதராபாத் மெட்ரோவுக்காக 2008-ல் ஆந்திர அரசு இயற்றிய சட்டத்தின் பெயர் 'நகராட்சி டிராம்வே' சட்டம். மும்பையின் முதல் மெட்ரோ பாதை ஆரம்பித்தது 1886 டிராம்வே சட்டத்தின் கீழ். தூண் மேல் ஏறி ஓடும் குளிர்சாதன ரயிலுக்கு, மாட்டுவண்டிக்கு வழிவிட்ட சட்டம்! பிறகு இரண்டுமே மத்திய மெட்ரோ சட்டத்தின் கீழ் போயின. 2014 ஜூனில் மும்பை மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் சண்டையும் ஆரம்பித்தது. ஒப்பந்தத்தில் இருந்தது 9 முதல் 13 ரூபாய், கம்பெனி கேட்டது 10 முதல் 40. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின்படி யாருக்கு என்று உயர் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். ஒரு பக்கம் மாநில அரசின் அமைப்பு, மறு பக்கம் கம்பெனி. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது பெயர்களை மட்டும் மாற்றிய பழைய கெஜட்டைப் படிப்பது போலவே இருந்தது.

"கல்கத்தாவில் மட்டும் எப்படி இத்தனை காலம் ஓடியது?" என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள், அதனால் முன்கூட்டியே. அங்கே 1967-ல் அரசு நிர்வாகத்தை எடுத்தது, 1976-ல் சொத்தையும் எடுத்தது. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே ஆள் ஆனதால் கெடு என்ற கத்தி இல்லாமல் போனது. பணமும் அக்கறையும் தனிக்கதை. 2024-ல் ஒரேயொரு பாரம்பரியப் பாதை தவிர மற்றதெல்லாம் போதும் என்று அரசு சொல்லிவிட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டிராமைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அங்கே முறையிடுவது, தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றி மூடாதீர்கள் என்று.