அப்பனைப் பார்த்துச் சிரித்தவன் மகனைப் பார்த்துச் சிரிக்கமாட்டான்

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு என் மகாராஜா செத்துப்போனார். அறுபத்திரண்டு வயது, இயற்கைச் சாவு. நாற்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ராஜ்யம். சாகிற அன்று சிற்றரசர் பட்டியலைத் திறந்தால் ஒரே பச்சை. எழுபது, எண்பத்தைந்து, ஒருவன் முழு நூறு. மகன் அரியணை ஏறினான். அதே பட்டியலை மறுபடி திறந்தேன். பாதிப் பேர் மைனஸில் இருந்தார்கள்.

க்ரூசேடர் கிங்ஸ் 3 ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிய வயிற்றெரிச்சல். ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாரடாக்ஸ் நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட கேம். இதில் ஓர் ஆளாக ஆடுவோம், அவர் செத்தால் அவருடைய வாரிசாக மாறித் தொடர்வோம். ஒவ்வொரு சிற்றரசனுக்கும் நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு, மைனஸ் நூறிலிருந்து பிளஸ் நூறு வரை. எண்ணின் மேல் மவுஸை வைத்தால் காரணமெல்லாம் மளிகைக் கடைச் சீட்டு மாதிரி வரிசையாக வந்து நிற்கும். பரிசு கொடுத்தாய், இவ்வளவு கூட்டல். சபையில் இடம் தரவில்லை, இவ்வளவு கழித்தல். நிஜ ராஜா எவனுக்கும் கிடைக்காத வசதி. இருந்தும் கோட்டை விடுகிறோம்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கேம் மீது அல்ல, அதை ஆடச் சொல்லித் தருகிறவர்கள் மீது. எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஒரே பாட்டுதான்: தங்கம் கொடு, விருந்து வை, முறைத்துக்கொண்டிருப்பவனை நைச்சியம் பண்ணு. எல்லாம் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்பத்தைந்து அப்பன் சம்பாதித்தது. அவர் கொடுத்த பரிசு, அவர் வைத்த விருந்து, அவர் பேசிப் பேசிக் கரைத்த மனசு, பெரும்பாலும் அவர் சிதையோடு போய்விடும். மகன் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, பட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்று தனியாக ஒரு கழித்தல் வேறு.

பயமுறுத்தி ஆளுகிற கோஷ்டி ஒன்று இருக்கிறது. நாலு கைதிகளின் தலையை வாங்கினால் எல்லோரும் நடுங்குவார்கள், நடுங்குகிறவன் கலகக் கூட்டத்தில் சேரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பயமும் ஆளைப் பார்த்துத்தான். மகனைக் கண்டு எவனும் நடுங்கமாட்டான். அப்பன் யார் தலையை வாங்கினாரோ அந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பழிவாங்கக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

கேமில் நான் 1066ஆம் வருஷத்தில் தொடங்கி, சோழ நாட்டை எடுத்துத்தான் ஆடுகிறேன். நிஜத்தில் அப்போது ஆண்டவர் வீரராஜேந்திரன். மகளைச் சாளுக்கிய விக்கிரமாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார். மகன் அதிராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டமும் கட்டினார். நம்மைப் போலவே எல்லாம் சரியாகச் செய்தவர்தான். 1070வாக்கில் அவர் கண்ணை மூடியதும் நாட்டில் குழப்பம். மாப்பிள்ளை படையோடு வந்து மைத்துனனை அரியணையில் உட்காரவைத்துவிட்டுத் துங்கபத்திரைக் கரைக்குத் திரும்புகிறார். சில நாளிலேயே, அதிராஜேந்திரன் கலகத்தில் செத்தான் என்று செய்தி வருகிறது. சாளுக்கியர் பக்கத்துக் காவியம் சொல்லும் கதை இது. அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் முதலாம் குலோத்துங்கன். முதலாம் ராஜேந்திரனின் மகள் அம்மங்கை தேவி வேங்கி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் பெற்ற பிள்ளை. ஒரு காலத்தில் உறவை உறுதிப்படுத்தக் கொடுத்த பெண்ணின் வயிற்றிலிருந்தே அடுத்த ராஜா வருகிறார். சம்பந்தம் பேசும்போது இதை எவர் நினைத்திருப்பார்?

சபை விவகாரம் இன்னொரு தலைவலி. இருப்பது ஐந்து நாற்காலி, அதிலும் ஒன்று பூசாரிக்கு. பெரிய சிற்றரசன் ஒவ்வொருவனும் தனக்கு ஓர் இடம் உண்டு என்று நினைப்பான். திறமைசாலியைப் போட்டால் பெரிய கை கோபித்துக்கொள்ளும், பெரிய கையைப் போட்டால் கஜானா காலியாகும். நான் பொதுவாகப் பெரிய கைக்கே கொடுத்துவிடுவேன். ஒற்றர் தலைவன் பதவியை மட்டும் மாட்டேன், அதற்கு என்மேல் பிரியம் உள்ளவன்தான் வேண்டும். போன ஆட்டத்தில் மகா சூட்டிகையான ஒருவனை அதில் உட்காரவைத்தேன். என்னைப் பற்றிய அவன் அபிப்பிராயம் மைனஸ் முப்பது, திறமைதானே முக்கியம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்தில் என்னைக் கொல்ல நடந்த சதியில் அவனும் ஒரு பங்காளி. சதியைத் துப்பறிய வேண்டியவனே அவன்தான்!

அதனால் இந்த முறை ஆட்டத்தையே மாற்றினேன். கடைசிப் பத்து வருஷம் கிழவருக்காக ஒரு காசு செலவழிக்கவில்லை, எல்லாம் கஜானாவுக்கு. மகன் பதவியேற்ற அன்றே பரிசு கொடுத்துக் கலகக்காரர்களைச் சரிக்கட்டுவதாகத் திட்டம். ஒன்றைக் கவனிக்கத் தவறினேன். மகன் பேராசைக்காரன். அந்தக் குணம் உள்ளவன் கையால் தங்கத்தை எடுத்துக் கொடுத்தாலே அவனுக்கு மன அழுத்தம் ஏறும். மூன்றாவது பரிசிலேயே ஆள் நொறுங்கிக் குடிக்கப் பழகிவிட்டான். அடுத்தவன் சந்தோஷத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன், ராஜாவுக்கும் ஒரு மனசு இருக்கிறது என்பதை மறந்தே போனேன். இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான், திட்டிக்கொண்டே சொல்கிறேன்.

சிலர், கலகம் வரட்டும், ஜெயித்துவிட்டுத் துரோகிகளின் நிலத்தைப் பறித்துக்கொள்ளலாம், கொடுங்கோலன் என்ற பெயரும் வராது என்பார்கள். படை இருந்தால் சரி. எனக்கு இப்போது இல்லை.

மிச்சமிருப்பது கல்யாணம். இளவரசனுக்கே சிற்றரசன் மகளைக் கட்டிவைத்தால் அந்த மாமனார் உறவு அவன் பட்டத்துக்கு வரும்போது கூடவே வரும், நான் செத்தாலும் அறாது. மாமனாராகிவிட்டவன் மாப்பிள்ளைக்கு எதிரான கூட்டத்தில் சேரவும் மாட்டான். குடிகார ராஜாவின் பெரிய பையனுக்கு ஏழு வயது ஆகிறது. வடக்கே மைனஸ் நாற்பதில் உறுமிக்கொண்டிருக்கும் பெரிய கைக்கு மூன்று மகள்கள். மூத்தவளை ஏற்கெனவே ராஜாவின் தம்பி வீட்டில் நிச்சயம் பண்ணிவிட்டார்கள், பட்டத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறானே, அதே தம்பி. நடுவிலவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறேன்.