தீபாவளி முடியட்டும், அப்புறம் அப்டேட்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு வருடம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் செய்த காரியத்தை இன்றைக்கும் கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் விண்டோஸுக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, போடவா என்று திரையில் கேட்டது. கடை சாத்துகிற அவசரத்தில் சரி என்று அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

காலையில் திரை பளபளவென்றுதான் இருந்தது. முதல் உருப்படியைத் தராசில் வைத்தேன். தராசில் 86.400 கிராம், பில்லில் பூஜ்யம். தராசையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். கம்ப்யூட்டரோடு இணைத்திருப்பதையெல்லாம் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அதன் பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணம். இந்த சிப் 2012லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று ஒரு வரி வேறு. முதல் அக்ரஹாரத்தில் எப்போதோ வாங்கிய கேபிள், அந்தக் கடையே இப்போது இல்லை. யாரைப் போய்க் கேட்க?

அன்று முழுக்க எடையைக் கையால்தான் தட்டினோம். சாயந்திரம் இருப்பு பார்த்தால் 18 கிராம் உதைக்கிறது. 86.400ஐ யாரோ 68.400 என்று தட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். "நல்லா ஓடுற வண்டிய எதுக்குப்பா பிரிச்ச?" என்றார் முதலாளி. அவ்வளவுதான் திட்டு.

பெரிய அப்டேட் போட்டால் வழக்கமாகப் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். மறுநாளே திரும்பிவிட்டேன். அதற்கு மேல் விட்டிருந்தால் பழைய கோப்புகளைச் சிஸ்டமே துடைத்திருக்கும்.

எனக்குப் போனது ஒரு நாள் வேலை. 2018 அக்டோபர் 2ஆம் தேதி விண்டோஸ் 10க்கு வந்த பெரிய அப்டேட்டை முதல் வாரத்திலேயே போட்ட சிலருக்கு டாக்குமென்ட்ஸ், படங்கள் எல்லாமே போய்விட்டன. சி டிரைவ் நிறைந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிவிடுவோம் இல்லையா, அப்படி மாற்றியவர்கள்தான் மாட்டினார்கள். பழைய இடத்தில் மிச்சம் கிடந்த கோப்புகளோடு அந்த ஃபோல்டரைத் தேவையில்லாதது என்று அப்டேட் அழித்துவிட்டது. நாலைந்து நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, நவம்பர் 13இல்தான் மறுபடி வெளியிட்டது. இத்தனைக்கும், சோதித்துப் பார்த்தவர்களில் சிலர் முன்பே புகார் எழுதியிருந்தார்கள். புகார்க் குவியலில் அது யார் கண்ணிலும் படவில்லை. மாதக் கணக்கில் சோதித்தும் இதுவே தப்பியது என்றால், நம் மேசையில் இருக்கிற பழைய பிரின்டரோடும் தராசோடும் ஒத்துப்போகுமா என்று யார் பார்த்திருக்கப்போகிறார்கள்?

இதைச் சொன்னால் சிலர் அப்டேட்டையே அணைத்துவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். 2017 மே 12இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியதே, அதற்கான மருந்து மார்ச் 14லேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். மாதாமாதம் வரும் பாதுகாப்பு அப்டேட்டை நான் நாலைந்து நாளுக்கு மேல் தள்ளுவதில்லை. பதிப்பே மாறுகிற பெரியதுக்கு மட்டும் இரண்டு மாதம். அதற்குள் நம்மைப்போலத் தராசு வைத்திருக்கிற யாராவது திட்டி எழுதியிருப்பார்கள். பிறகும் முதலில் வீட்டு லேப்டாப்பில்தான் போட்டுப் பார்க்கிறேன். கடைக் கம்ப்யூட்டருக்கு, டேட்டாவைத் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கேபிள் புதிதாக வாங்கியாயிற்று. நேற்று மறுபடியும் அதே அறிவிப்பு திரை மூலையில் வந்து நின்றது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இல்லீங்க, தீபாவளி முடியட்டும்" என்றேன்.