கதவு ரப்பரை ஒழுங்காக ஒட்டத் தெரியாதவர்கள் எதிர்காலத்தை விற்கிறார்கள்

கடலூரில் மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே உங்களிடம் சொல்லாமல் மறைப்பதை யாராவது சொல்லியாக வேண்டும். வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆல்பேட்டை சோதனைச்சாவடி தாண்டியதும் கார் நின்றது. பேட்டரியில் முக்கால்வாசி மின்சாரம் இருந்தது. "பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும்" என்று ஒருமுறை காட்டிவிட்டு அந்தப் பெரிய திரையும் அணைந்தது. ஏசி போனது. கண்ணாடி இறங்கவில்லை. அபாய விளக்கு கூட எரியவில்லை. புதுச்சேரி பஸ்கள் காதைப் பிளக்கும் ஹாரனோடு உரசிக்கொண்டு போகின்றன. அம்மா புறநோயாளிச் சீட்டைக் கையில் பிடித்தபடி வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருக்கிறார். உதவி எண்ணை அழைத்தால் எந்த ஊர், எந்த மாவட்டம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று வெளிமாநிலத்துக் குரல் ஒன்று விசாரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில் தம்பி தன்னுடைய பழைய பெட்ரோல் காரில் வந்து அம்மாவை அழைத்துப் போனான். பதினெட்டு லட்ச ரூபாய்க் கார் தெருவோரம் கிடந்தது.

காரணம் என்ன தெரியுமா? மோட்டார் அல்ல. பெரிய பேட்டரியும் அல்ல. முன்பக்க மூடிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி.

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு என்பதே வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தரைக்கு அடியில் இருக்கும் பெரியது சக்கரத்தை ஓட்டுகிறது. சின்னது கதவுப் பூட்டு, விளக்கு, திரை, உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் காண்டாக்டர் என்ற கனமான சுவிட்சுகள் சேர்ந்து மின்சாரத்தை விடுவதற்கும் இந்த 12 வோல்ட்தான் வேண்டும். அது செத்துப்போனால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி வெறும் இரும்பு. இந்தச் சின்ன பேட்டரிக்கு ஊட்டுவது ஒரு கன்வெர்ட்டர். பெரியதிலிருந்து வரும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைக் குறைத்து இதற்குக் கொடுக்கிறது. அது பழுதானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்ன பேட்டரி வடிந்து, நட்ட நடுச் சாலையில் எல்லாம் நின்றுவிடும்.

பெட்ரோல் காரில் பேட்டரி படுத்தால் நாலு பேர் தள்ளுவார்கள், இரண்டாம் கியரில் விட்டால் கிளம்பிவிடும். மஞ்சக்குப்பத்தில் எந்த மெக்கானிக்கை அழைத்தாலும் ஒயர் கொண்டுவந்து உயிர் கொடுத்துவிடுவார். இதைத் தள்ளியும் கிளப்ப முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சேர்ந்து சுழன்று பழுதாகும் என்று கையேடே எச்சரிக்கிறது. நான்கு சக்கரத்தையும் தூக்கி வைக்கும் ரெக்கவரி லாரி வர வேண்டும். அது எங்கிருந்து வரும்? கடலூரில் இல்லை. காத்திருங்கள்.

இது யாருக்கும் தெரியாத புதுக் கோளாறு என்றால்கூட மன்னிக்கலாம். உலகத்துக்கே தெரிந்த கோளாறு. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து 1,47,000-க்கும் மேற்பட்ட மின்சாரக் கார்களைத் திரும்ப அழைத்தன. ஐசிசியு எனப்படும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுப் பகுதி சேதமடைந்து, 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் போகாமல், ஓடும்போதே வண்டி வேகம் இழக்கக்கூடும் என்பதுதான் காரணம். அதே ஆண்டில் இந்தியாவிலும் ஹூண்டாயின் 1,744 அயோனிக் 5 கார்களும் கியாவின் 1,138 இவி6 கார்களும் இதற்காகவே அழைக்கப்பட்டன. நான் வாங்கியது அந்த நிறுவனங்களின் வண்டி அல்ல. ஆனால் அவர்களாவது பழுது என்று ஊரறிய ஒப்புக்கொண்டு அழைத்தார்கள். எனக்கு விற்றவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

"சார், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுவிட்டோம், இனி வராது." ஒவ்வொரு முறையும் இதே வாக்கியம். என்ன பழுது என்று கேட்டால் பதில் இல்லை. எந்தப் பாகத்தை மாற்றினீர்கள் என்றால் எதையும் மாற்றவில்லை. ஜாப் கார்டில் "வாடிக்கையாளர் கூறிய குறை ஆய்வின்போது காணப்படவில்லை" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். தெருவில் அம்மாவோடு நின்றது நான். ஏசி அறையில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டுக் குறை இல்லை என்பது அவர்கள். அந்த லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளைத் தவிர வேறு எதையும் தொட அந்தப் பணிமனைப் பையன்களுக்கு அனுமதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. பாவம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாலு நாள் வகுப்பு எடுத்துவிட்டு உயர் மின்னழுத்த வண்டிக்கு அடியில் அவர்களைப் படுக்க வைக்கும் நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

இனி கதவுக்கு வருகிறேன்.

இடது பக்கப் பின் கதவைச் சாத்தினால் மேல் விளிம்பில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. வலது பக்கம் அப்படி இல்லை. ஒரே காரின் இரண்டு கதவுகள் இரண்டு விதம். கதவைச் சுற்றி வரும் ரப்பர் கீழ் மூலையில் ஒட்டாமல் தொங்கியது. விரலால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் நாக்கு நீட்டும். வண்டி எடுத்த அன்றே காட்டினேன். "வெயிலில் செட் ஆகிவிடும் சார்" என்றார்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு நாற்றம். கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கம்பளத்தை அழுத்தினால் கொழகொழவென்று தண்ணீர் கொப்பளிக்கிறது. அந்தக் கம்பளத்துக்கு அடியில்தான் ஒயர்க் கட்டு ஓடுகிறது. அங்கே இருந்த கனெக்டர் ஒன்றைப் பிரித்தபோது செம்பு முனைகளில் பச்சைப் பூச்சு ஏறியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

பேட்டரிப் பெட்டி ஐபி67 தரம் என்று விளம்பரத்தில் பெருமை பேசுகிறார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்று அதற்குப் பொருள். மிக நல்லது. அந்தப் பேட்டரிக்கு மேலே மனிதன் உட்காரும் இடத்துக்கு மழைத் தண்ணீர் தாராளமாக வரலாமா?

இது எந்த ஊர் என்று இவர்களுக்குத் தெரியுமா? தானே புயல் 2011 டிசம்பரில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பாய்ந்து கடலூரை மூழ்கடித்தது. மழை இல்லாத மாதங்களில் உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்தில் ஜன்னல் கம்பிக்கு வருடா வருடம் வண்ணம் பூசாவிட்டால் கையோடு உதிர்ந்து வரும். இப்படிப்பட்ட கடற்கரையில் விற்கும் வண்டியின் கனெக்டருக்குள் நீர்த்தடுப்புப் பசை வைக்க என்ன செலவாகிவிடும்? கூரை முழுக்கக் கண்ணாடி போடக் காசு இருக்கிறது. உள்ளே வண்ண வண்ணமாக விளக்கு எரியவிடக் காசு இருக்கிறது.

டேஷ்போர்டுக்குள் கடகட சத்தம் வருகிறது என்றால், "எஞ்சின் சத்தம் இல்லாததால் உங்களுக்குக் கேட்கிறது சார்" என்கிறார் மேலாளர். அதாவது எல்லாக் காரும் கடகடக்கும், எஞ்சின் அதை மறைத்துவிடும், எனவே நான் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் விளக்கமா? சத்தமில்லாத வண்டி என்று சொல்லித்தானே விற்றீர்கள்!

வெளிநாட்டிலும் இதே கதை இருக்கிறது என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். டெஸ்லா தன் சைபர்டிரக் வண்டிகளில் பக்கவாட்டுத் தகடு பசை விட்டுக் கழன்று விழக்கூடும் என்று 2025 மார்ச்சில் 46,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. பெரிய நிறுவனமே பசையில் கோட்டை விட்டது என்பது எங்களுக்கு எப்படி ஆறுதலாகும்? முதலில் விற்றுவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற அவசரம் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதற்கு அது சாட்சி.

"அப்போதே பெட்ரோல் வண்டி வாங்கு என்றேனே" என்று சிரிக்கும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது தவறு. பெட்ரோல் விலை கொஞ்சம் குறைவு என்பதற்காகக் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியக்கோயில் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற ஊர் நம்முடையது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் கார் நமக்குத்தான் முதலில் தேவை. மோட்டாரில் ஒரு குறையும் கண்டதில்லை. எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, கிளட்ச் தேயாது, புகை கிடையாது. இவ்வளவு நல்ல தொழில்நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து ரூபாய் ரப்பரிலும் சின்ன பேட்டரியிலும் கஞ்சத்தனம் காட்டி அதன் பெயரையே கெடுக்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. என்னைப் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் மறுபடியும் டீசல் வண்டியே பதிவு செய்துவிட்டார்கள். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே குறையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உரிமையாளர்கள் புகார் செய்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிடலாம். 2021 ஏப்ரல் முதல் விதிகளும் நடைமுறையில் உள்ளன. அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. ஒரு கோடி என்பது என் காரைப் போல ஐந்தாறு கார்களின் விலை. ஆயிரக்கணக்கில் விற்கிறவர்களுக்கு அது ஒரு தண்டனையா? அதற்கும் முதலில் புகார்கள் சேர வேண்டும். ஜாப் கார்டில் "குறை காணப்படவில்லை" என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தால் எப்படிச் சேரும்? எனவே உங்கள் குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சாவியைக் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் புகார் பதியுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் சொல்லி வையுங்கள்.

மின்சாரக் கார் ஆலைகள் வரிசையாக வரும் மாநிலம் இது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்தார்கள், மகிழ்ச்சி. கடலூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இந்த வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். பழுது பார்க்கும் மென்பொருளையும் உதிரிப் பாகங்களையும் ஊர் மெக்கானிக்குகளுக்கு விலைக்குக் கொடுங்கள். இப்போது ஒரு கன்வெர்ட்டருக்காக என் வண்டி வாரக்கணக்கில் புதுச்சேரிப் பணிமனையில் நிற்க, மாதத் தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் கழிகிறது.

நேற்று அங்கிருந்து அழைப்பு வந்தது. வண்டி தயாராகிவிட்டதோ என்று எடுத்தேன். சேவை எப்படி இருந்தது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேட்பார்களாம், பத்துக்குப் பத்து கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் தன் ஊக்கத்தொகை போய்விடும் என்று அந்தப் பையன் கெஞ்சினான். பாகம் வந்ததா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றான். பூஜ்யம்தான் கொடுப்பேன், உன் மேலாளரிடம் என் பெயரைச் சொல்லியே சொல் என்று வைத்துவிட்டேன்.